நூற்று எண்பத்திரண்டு டிகிரி

ஒரு பொருளின் அமைப்பைப் பலகையில் வரைந்து காட்டினால் போதும், அது எத்தனை டிகிரியில் உருகும் என்று சொல்லிவிடக்கூடிய மனிதர் மலாயாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் காஜா பெராங்கில் குடியிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஊருக்கெல்லாம் அவர் தெர்மாமீட்டர் அண்ணே.

மெர்டேக்கா சமயம், மலாயா சுதந்திரம் வாங்கிய நேரம். மருந்தும் களிம்பும் செய்யும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவரும் நானும் வேலை பார்த்தோம். அங்கே எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை ஏதாவது ஒரு மூலக்கூறைப் பலகையில் வரைவார். அண்ணே கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நூத்தி நாப்பது" என்பார். அந்தப் பொருளை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துச் சூடேற்றினால் சரியாக நூற்று நாற்பதில் தண்ணீராக நிற்கும்.

எப்படி என்று கேட்டதற்குக் கோப்பிக்கடை முக்காலிகளை இழுத்துப் போட்டுக் காட்டினார். "நேரான முக்காலிய ஒன்னுமேல ஒன்னு அடுக்கலாம் தம்பி. பிரிக்கத்தான் பலம் வேணும். கால் கோணுனது அடுக்குல நிக்குமா? தொட்டாலே விழும். மூலக்கூறும் அப்படித்தான் லா. நெருங்கி உக்காந்துட்டா சூடு அதிகமா கேக்கும்." கடைக்காரச் சீனர் அன்று முதல் இவர் தலை தெரிந்தாலே முக்காலிகளை உள்ளே தூக்கிப்போனார்.

உஜோங் பாசிரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லா அடுக்கும், லேசுல பிரியாது" என்று வாழ்த்தினார். இது வாழ்த்தா வசவா என்று பெண்ணின் அப்பா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

அளந்த எண் அவர் சொன்னதைவிடக் குறைந்தால், "சரக்கு சுத்தமில்லே" என்பார். அழுக்கோ ஈரமோ கலந்த பொருள் முன்னதாகவே உருகிவிடும் என்பது உண்மைதான். சுத்தம் செய்து பார்த்தால் அவர் சொன்ன எண்ணே வந்து நிற்கும். தன் கணக்கு தவறு என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

துரை தாய்நாடு திரும்பும் வேளை வந்தது. தன் நாற்காலியை அண்ணேக்குக் கொடுக்க அவருக்கு ஆசை. கம்பெனிப் பெரியவர்கள் முன்னால் ஒரு சோதனை வைத்தார். அதற்கான புதுப் பொருளைச் செய்தவன் நான். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. செமாபோக்கில் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். அவளைப் பார்க்கப் போகும் அவசரத்தில் படிகங்களைச் சரியாக உலர்த்தாமல் விட்டுவிட்டேன்.

அண்ணே பலகையைப் பார்த்தார். நூற்று எண்பத்திரண்டு என்று எழுதினார். குழாயில் இருந்ததோ நூற்று எழுபத்தைந்திலேயே உருகி வழிந்தது.

"கணக்கு தப்பா, சரக்கு தப்பா?" என்று துரை கேட்டார். சரக்கு தப்பென்றால் அன்றே என் சீட்டு கிழியும்.

அண்ணே என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "கணக்குதாங்க துரை தப்பு" என்றார்.

நாற்காலி வேறொருவருக்குப் போனது. மறுநாள் அதே படிகங்களை நன்றாக உலர்த்தி அளந்தேன். நூற்று எண்பத்திரண்டு. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "துரைகிட்ட உண்மைய சொல்லிடறேன் அண்ணே."

"சும்மா இரு லா. நா ஒண்டிக்கட்ட. நீ போயி பொண்டாட்டிய பாரு."

சும்மா இருந்துவிட்டேன். தெர்மாமீட்டர் அண்ணே வாழ்நாளில் சொன்ன அந்த ஒரே பொய்யில்தான் நானும் என் பிள்ளைகளும் சோறு தின்று வளர்ந்தோம்.