மாமனார் தராத நாற்காலி

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் என் மாமனார் கண்ணாயிரம். மற்றவர்கள் எல்லாம் பிறகுதான். அச்சரப்பாக்கத்தில் எங்கள் நிச்சயதார்த்தத்தன்று, பத்துப் பேர் முன்னால் சீர்ப் பட்டியல் வாசித்தார்கள். கட்டில், பீரோ, டேபிள் ஃபேன், பாத்திர பண்டம், மாப்பிள்ளை உட்கார ஒரு தேக்கு நாற்காலி. எல்லாம் வந்தது. நாற்காலி மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "ஆசாரி இழைச்சிகினு கீறான் மாப்ள" என்றார். முப்பத்தெட்டு வருஷமாக இழைக்கிறான். இந்நேரம் அது பல்குச்சி ஆகியிருக்கும்.

அன்றே சபதம் போட்டேன். என் நாற்காலி வருகிற வரை அந்த மனுஷன் என் வீட்டில் உட்காரக் கூடாது. அவரும் ரோஷக்காரர். வருவார். நின்றபடியே காபி குடிப்பார். நின்றபடியே பேரனைக் கொஞ்சுவார். போய்விடுவார்.

போன வருஷம் அணுபுரம் பக்கத்தில் சொந்த வீடு கட்டினேன். பக்கத்து மனைக்காரர் கோபாலகிருஷ்ணன் எஞ்சினியர். அவர் சொன்னார்: "ஹாலைப் பார்த்தாலே வீட்டுக்காரர் யாருன்னு தெரியணும் சார். சாமான் பேசணும்."

குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து பார்த்தேன். சாமான் பேசத்தான் செய்தது. கட்டில் தலைமாட்டில் 'அன்பளிப்பு: கண்ணாயிரம்'. பீரோ நெற்றியில் 'அன்பளிப்பு: கண்ணாயிரம்'. குடத்தில், தாம்பாளத்தில், ஃபேன் இறக்கையில்கூடக் கண்ணாயிரம். சுற்றும்போது தெரியாது. கரண்டு போனால் தெரிந்துவிடும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பது வருஷம் மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஓட்டினேன். உட்கார்ந்தது கம்பெனி சீட்டு. வீட்டுக்கு வந்தால் கண்ணாயிரம் கட்டில். அப்படியானால் நான் யார்?

"எனக்குன்னு ஒரு சேர் வாங்கப் போறேன்" என்றேன் என் மனைவி சின்னப்பொண்ணிடம்.

"வாங்கி?"

"உக்காருவேன்."

"இப்ப மட்டும் இன்னா, நின்னுகினா கீற?"

"இது பிளாஸ்டிக் சேருடி. நான் யாருன்னு இது சொல்லுதா?"

"ஒரு கால் வளைஞ்சி ஆடிகினு கீது. கரீட்டாதான் சொல்லுது."

அவள் குரலை இறக்கினாள். "அப்பாவுக்கு எம்பத்தாறு ஆவுது. தனியா கெடக்குறாரு. புது வூட்டுல ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமேய்யா."

"தாராளமா இருக்கட்டும். நிக்கணும்."

அவள் பதில் பேசவில்லை. அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. பேசாமல் போனால்தான் உஷாராக வேண்டும். அன்றைக்கு ஆத்திரத்தில் அது தோன்றவில்லை.

அவள் அப்பாவைப் பார்க்கப் போன அன்று ஒரு குட்டியானை வண்டி பிடித்தேன். அவள் புடவைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு பீரோவை ஏற்றினேன். மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரியில் ஸ்டான்லி என்பவர், கடற்கரை ரிசார்ட்டுகள் கழித்துப் போடும் சாமான்களை விற்கிறார். அங்கே இருந்தது என் நாற்காலி. தேக்கு. இரண்டு கைப்பிடியிலும் சிங்க முகம். சிவப்பு வெல்வெட்டு. உட்கார்ந்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

"பீரோவை வச்சிக்கோ. இத்தைக் குடு" என்றேன்.

"அந்தக் காலத்து கெட்டி பீரோ. சரி அண்ணாத்த. பாலிஷ் போட்டு, கிரகப்பிரவேசத்தன்னிக்கே எறக்கிடுறேன்."

"முதுகுல பெரிசா 'ஜெகதீசன்'னு எழுதிடு. மஞ்ச பெயிண்ட்ல."

பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். "நல்லா அடிக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

கிரகப்பிரவேசத்தன்று ஹால் நிறைய சொந்தக்காரர்கள். மாமனார் வழக்கம்போல ஓரமாகத் தடியை ஊன்றி நின்றார். வண்டி வந்தது. நாலு பேர் நாற்காலியை நடு ஹாலில் இறக்கினார்கள். நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதன் முதுகுப்பக்கம் போனேன்.

'அன்பளிப்பு: கண்ணாயிரம், அச்சரப்பாக்கம்.'

"எங்கப்பா வாக்கைக் காப்பாத்திட்டாரு!" என்று சின்னப்பொண்ணு கூவினாள். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தன் விசிலே அடித்தான்.

அவளைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனேன். "இன்னாடி இது? அது நான் வாங்கின சேரு!"

"இன்னா குடுத்து வாங்கின?"

சமையல்கட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பீரோ லாக்கர் சாவி எங்கன்னு கேட்டு அந்த ஸ்டான்லி போன் பண்ணாரு. நீ குளிச்சிகினு இருந்த. நான்தான் எடுத்தேன். பேரையும் நான்தான் மாத்தச் சொன்னேன்."

"எவ்ளோ தைரியம் உனுக்கு?"

"பீரோ யாரு குடுத்தது? எங்கப்பா. பீரோ போயி வந்தது சேரு. அப்ப சேரு யாரு குடுத்தது? நீதான்னா வா, மைக்செட்டு கட்டித்தான கீது. பொண்டாட்டி சீரைத் திருட்டுத்தனமா தள்ளிட்டு வாங்கினேன்னு ஊருக்கே சொல்லு."

ஹாலுக்குத் திரும்பினேன். மாமனார் உட்கார்ந்துவிட்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷம் நின்றதற்கும் சேர்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு சிங்கத்தின் தலையிலும் அவர் கை.

"மெத்துன்னு கீது மாப்ள" என்றார்.

ஏழு மாதம் ஆகிறது. மாமனார் ஊருக்குத் திரும்பவில்லை. சாப்பாடும் அதில்தான், தூக்கமும் அதில்தான். கடன் தீர்ந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எப்படித் தீரும்? இது பீரோவுக்கு வந்தது. கல்யாண நாற்காலி பாக்கி அப்படியே நிற்கிறது. நேற்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"மாமா, எனக்குத் தரவேண்டிய சேரு எப்பத் தருவீங்க?"

"வாங்கித் தரேன் மாப்ள. அதுக்கு நான் இத்த வுட்டு ஏந்திரிக்கணுமே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.