பினாங்கு பொரித்த கோழி இறக்கை

காஞ்சிபுரத்தில் கோழி இறக்கையை நினைத்து உருக்குலைந்து போன மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பினாங்கு. மற்றவர்கள் எல்லாம் தொடையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஏழு வருடம் மலேசியாவின் பினாங்கில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பினார், அதனால் அந்தப் பெயர். அவர் வீட்டுப் பக்கத்து அறையில் நான் குடியிருந்தேன்.

அவர் செய்த ஒரே தவறு, குண்டாகத் திரும்பி வந்தது. வேப்பங்குச்சி மாதிரிப் போன புருஷன் தொந்தியோடு வந்து இறங்கியதும், அங்கே எவளோ ஒருத்தி ஆக்கிப் போட்டிருக்கிறாள் என்று மனைவி கன்னியம்மா முடிவுகட்டிவிட்டார். பினாங்கு துடித்துப் போனார். பட்டறைக்கு எதிரே சீனாக்காரர் கடை ஒன்று இருந்தது, தினமும் அங்கே கோழி இறக்கை தின்றதில் போட்ட உடம்பு இது என்று சத்தியம் செய்தார். தோல் அப்பளமாக நொறுங்குமாம். மேலே இனிப்பும் காரமுமாக ஒரு பூச்சு பளபளக்குமாம்.

"ரெக்கையத் தின்னு எவனாவது குண்டாவானா? அப்படி ஒண்ணு இருக்குதுன்னா செஞ்சு காட்டு" என்றார் கன்னியம்மா. அன்றோடு பேச்சை நிறுத்தினார். தட்டில் சோறு மட்டும் வந்து விழும்.

தின்னத் தெரிந்தவருக்குச் செய்யத் தெரியவில்லை. கறிக்கடையில் இறக்கை மட்டும் கேட்டார். மிச்சக் கோழி நடந்து வீட்டுக்குப் போகுமா என்றார் கடைக்காரர். ஆகவே ஞாயிறுதோறும் முழுக் கோழி வாங்கினார். மீதிக் கறியில் கன்னியம்மா வைக்கும் குழம்புக்காகவே நான் சாட்சியாக உட்கார்ந்தேன்.

நாட்டுக்கோழி இறக்கையை முதல் வாரம் கடித்துவிட்டு, தாடை வலியில் இரண்டு நாள் கஞ்சி குடித்தேன். சீனாக்காரர் ஊற்றும் கறுப்புச் சாறு ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் புளியும் வெல்லமும் காய்ச்சினார். சாயக்காரர் அல்லவா, இறக்கையை அதில் முக்கி எடுத்து, முற்றத்து மூங்கில் கழியில் நூலுக்கு நடுவே காயப்போட்டு, மறுபடி முக்கினார். மூன்றாவது தடவை முக்குவதற்கு இறக்கை இல்லை. காக்கை கொண்டுபோய்விட்டது. பாகு சொட்டிய கிளிப்பச்சை நூலில் எறும்பு மொய்த்தது.

"நான் யோக்கியன்றதுக்கு இந்த ரெக்கைதாம்பா சாட்சி. அதுவும் வர மாட்டேங்குதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதம் இப்படியே போனது. கவலையில் தொந்தி கரைந்து, பழைய வேப்பங்குச்சியாகவே ஆகிவிட்டார். சந்தேகம் மட்டும் கரையவில்லை.

கடைசியில் மொறுமொறுப்புக்குத் தடை தோலில் உள்ள பசைதான் என்று கண்டுபிடித்தார். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சலவைச் சோடாவும் போட்டு அவித்தால் பசை போய்ப் பளபளப்பு வருகிறதே, கோழிக்கு வராதா? காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சோப்பை விட்டார். சோடாவை விடவில்லை.

பொரித்துப் பாகில் புரட்டி இரண்டு இறக்கையையும் தட்டில் வைத்தார். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் கூழ், சுற்றிலும் சலவை வாசனை. பினாங்கு அதைப் பார்த்தபடி அடுப்பருகில் உட்கார்ந்து அழுதார். ஐம்பது வயது மனிதர் அழுவதை என்னால் தாங்க முடியவில்லை.

கன்னியம்மா வந்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் கோணிற்று. ஆனாலும் மென்று விழுங்கினார்.

"அங்க ஒருத்தி இருந்திருந்தா, அவ ஆக்கறப்போ பக்கத்துல குந்திக்கினு பாத்தாவது கத்துக்கினு இருப்பே. இந்த லட்சணத்துல செய்யறவன் கடையிலதான் தின்னுருக்கணும். எழுந்திரு, குழம்பு ஆறுது."

பினாங்கு எழுந்திருக்கவில்லை. இன்னும் பலமாக அழுதார்.

தட்டில் ஒரு இறக்கை மிச்சம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எடுத்து எலும்புவரை தின்றேன். அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.