டோச் கங்காணி கண் ஒபரேஷனுக்குப் போன கதை

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கி, தூங்கிக்கொண்டே இருபத்திரண்டு பெண்களை வேலை வாங்கியவர் இந்த உலகத்திலேயே எங்கள் டோச் கங்காணி ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பார்ப்போம்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான் அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன்; எங்கள் கூட்டத்தை மேய்த்தவர் அவர். இரண்டு கண்ணும் முன்னால் தள்ளிக்கொண்டு, டோச் லைட் அடித்த மாதிரி முழிக்கும். பகல் சாப்பாட்டு வேளையில் மரத்தில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்ப்பார். பார்க்கிறாரே என்று பயந்து, ரொட்டியை அரையும் குறையுமாக விழுங்கிவிட்டு மலை ஏறுவோம். மாதக்கணக்கில் இப்படிப் போனது. ஒருநாள் எங்கள் கூட்டத்துப் பவளக்கா தைரியமாகக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அடியேய், இந்தாளு கொறட்ட விடுறாருடி!"

இமை மூடவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல!

பனியில் நாங்கள் நடுங்கும்போது அவர் பெயர்ப் புத்தகத்தால் விசிறிக்கொள்வார். மூன்று பேர் சோற்றைத் தின்பார், ஆனால் மெலிந்துபோய்ச் சாரம் இடுப்பில் நிற்காது. எல்லாம் கொழுப்பு என்றோம். வியாதி என்று யாருக்குத் தெரியும்?

அதைக் காட்டிக்கொடுத்தது மலைதான். தேயிலைச் சரிவில் ஒருத்திக்கு மேல் ஒருத்தியாக நெரை பிடித்து நிற்போம். ஒருநாள் கீழே நின்று என்னைப் பார்த்துக் கத்துகிறார்:

"ஏ புள்ள, ஒனக்கு மேல் நெரையில நிக்கிறவ யாரு? நீ கையத் தூக்கினா அவளும் தூக்குறா. பழிப்பா காட்டுறா?"

"மேல யாரும் இல்லீங்களே கங்காணி."

"இருக்காளே! ஒன்னைய மாதிரியே சீல கட்டியிருக்கா. ரெண்டு கெழமையா பாக்குறேன். தொர புது ஆள் போட்டிருக்காருன்னுல்ல நெனச்சேன். நாப்பத்து நாலு பேரு வேல செஞ்சும் கொழுந்து ஏன் கூட மாட்டேங்குதுன்னுதான் எனக்கு ஒரே கவல!"

அந்தக் கவலையில்தான் பதினாலு நாளாக எங்களை அந்தத் திட்டு திட்டியிருக்கிறார்! பவளக்கா, அது மோகினிதான் என்று முடிவுகட்டி, அன்றே மாடசாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

அவர் கண்ணுக்குத்தான் ஒருத்தி இரண்டாகத் தெரிகிறது என்று புரிந்து, நான் அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அவர் சம்சாரத்துக்கோ ஆஸ்பத்திரி வாடையே ஆகாது. டொக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். தைரொயிட் கூடிப்போய், கண்ணுக்குப் பின்னால் தசை வீங்கிக் கண்ணை வெளியே தள்ளுகிறது. பார்வை நரம்பையும் நசுக்குகிறது. கொழும்பில் ஒபரேஷன் செய்து, பின்னால் கொஞ்சம் எலும்பை எடுத்து இடம் பண்ணுவார்கள். அதற்குள் மாத்திரை போட்டுத் தைரொயிட்டை இறக்க வேண்டும். சுருட்டை அடியோடு விட வேண்டும். இல்லாவிட்டால் பார்வையே போய்விடலாம்.

டொக்டர் ஒரு சிவப்பு மூடியைக் காட்டினார். வலக்கண்ணுக்குச் சிவப்பாகவே தெரிந்தது. இடக்கண்ணுக்குக் காய்ந்த மண் நிறமாம்; அந்தப் பக்கத்து நரம்பு கெடத் தொடங்கிவிட்டதாம். கங்காணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"சுருட்ட விட்டா செத்துருவேன் புள்ள."

"விடாட்டி குருடாயிருவீங்க. எது வசதி?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

காலையில் பெரட்டுக் களத்தில் எங்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. ஐந்து நிமிஷம் பிந்தினாலும் வீட்டுக்கு விரட்டிவிடுவார். மறுநாளிலிருந்து எல்லாம் தலைகீழ்.

"கங்காணி, வாய ஊதுங்க" என்று பவளக்கா மூக்கை நீட்டுவாள். சட்டைப்பை, தொப்பி, சாரத்து மடிப்பு, எல்லாம் சோதனை. ஒருநாள் குடைக்குள் அரைச் சுருட்டு அகப்பட்டது.

"அது... மழைக்கு வச்சதுங்க."

"ஏன், மழ சுருட்டு குடிக்குமா? போங்க, இன்னக்கி ஒங்களுக்கு வேல இல்ல. வீட்டுக்குப் போங்க!"

இருபத்திரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பெரட்டிலிருந்து விரட்டினோம். தோட்டத்துத் துரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கங்காணி ஒரு மணி நேரத்தில் பல் விளக்கி, திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்தார். அதன்பிறகு சுருட்டைத் தொடவே இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இஞ்சித் துண்டைக் கடித்துக்கொண்டு நாளெல்லாம் எங்கள்மேல் எரிந்து விழுந்தார். பகல் தூக்கத்துக்கு மருந்து போட்டு இமையைப் பிளாஸ்டரால் ஒட்டிவிடுவேன். "பலமா ஒட்டாத, உரிக்கிறப்ப உசிரு போகுது" என்பார்.

பயப்படாதீர்கள், ஒபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பார்வையும் தப்பிவிட்டது. ஆனால் அது தெரியாமல் நின்ற அந்தக் காலையைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கொழும்புக்குப் போகிற அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒவ்வொருத்தியும் இரண்டாகத் தெரிவோமே, அதனால் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வரிசையில் ஒவ்வொருத்தியாக, முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"என்ன கங்காணி, இப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒருவேள கண்ணு போயிருச்சுன்னா? எல்லாரையும் ஒருதரம் ஒழுங்கா பாத்து வச்சிக்கிறேன் புள்ள."

பவளக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வரிசையில் கடைசி. அவரிடம் மிஞ்சப்போகிற என் முகம் அழுத முகமாக இருக்கக்கூடாது என்று, அவர் பார்த்து முடிக்கும்வரை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நின்றேன்.