பழைய சாமான், விலை பூஜ்யம்

அமெரிக்காவில் லிவர்மோர் ஊர்க்காரரான வெள்ளியங்கிரி எந்த அரசாங்கத்துக்கும் எந்தக் காலத்திலும் கெடுதல் நினைத்தவரல்ல. சாயங்காலம் ஆறு மணிக்குள் வீட்டுப் பக்கம் வந்துசேர வேண்டும் என்ற ஒரே ஒரு பேராசை மட்டும் அவருக்கு இருந்தது. சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் வேலை. காரில் போனால் ஃப்ரீவேயிலேயே பாதி ஆயுள் போய்விடுகிறது என்று ரயிலுக்கு மாறியவர். மனைவி மரகதம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்; மத்தியானம் போனால் இருட்டித்தான் வருவாள். ஆகவே ஆறு வயது மகள் கயலை டேகேரிலிருந்து கூட்டிவருவது அவர் இலாகா.

டேகேர் நடத்துகிற ஹம்சா ஆன்ட்டி தங்கமானவர், மணி ஆறு அடிக்கிற வரைக்கும். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் வெள்ளியங்கிரி. மூணு தடவை லேட்டானா சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற குழந்தைக்கு. ரெண்டு ஆயிடுத்து" என்று ஏற்கனவே சொல்லிவிட்டார். அந்த ஊரில் டேகேரில் இடம் கிடைப்பதைவிட க்ரீன் கார்டு கிடைப்பது சுலபம் என்று பேச்சு. கயல் வேறு அங்கே ஒரு செடி நட்டு, அதற்குப் பெயரும் வைத்திருந்தாள்.

வெள்ளியங்கிரி லேட்டானதற்குக் காரணம் ரயில் அல்ல, தண்டவாளம். தண்டவாளம் ஒரு சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தம். பயணிகள் ரயில் அதில் ஒண்டுக் குடித்தனம் இருந்தது. சட்டப்படி பார்த்தால் மனிதர்கள் ஏறிய ரயிலுக்குத்தான் முதல் வழி. சரக்கு ரயில் பக்கத்து லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். சரக்கு ரயிலும் ஒதுங்கத் தயாராகத்தான் இருந்தது, பாவம். ஆனால் லூப் லைன் ஒரு மைல் நீளம், சரக்கு ரயில் ஒன்றரை மைல் நீளம். சட்டம் இடம் கொடுத்தாலும் லூப் லைன் கொடுக்கவில்லை. அதனால் தினமும் சின்ன ரயில் மரியாதையாக ஒதுங்கி நிற்க, பெரிய ரயில் போய்க்கொண்டிருந்தது.

மக்களின் துயர் கண்டு அரசாங்கம் சும்மா இருக்குமா? மானியம் வழங்கியது. கம்பெனியின் லூப் லைன் அரசாங்கச் செலவில் இரண்டு மைல் ஆனது. ரிப்பன் வெட்டி, டோனட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். லூப் லைன் நீண்டுவிட்ட சந்தோஷத்தில் கம்பெனி தன் ரயிலை இரண்டரை மைல் ஆக்கியது. நீட்டிய பிறகும் ஏன் போதவில்லை என்று ஆராய உடனடியாக இன்னொரு மானியம் வந்தது.

அந்த ஆராய்ச்சியின் முடிவை அறிவிக்கத் தடப் பகிர்வு நல்லிணக்க வாரியத்தின் துணை இயக்குநர் ஷ்யாமளா ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஹாலுக்கே வந்தார். அந்த ரயிலில் போகிற கூட்டத்தில் முக்கால்வாசி நம் ஆட்கள் என்பதும், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தயிர்சாதம் இருக்கும் இடத்தில் இருப்பார்கள் என்பதும் வாரியத்துக்குத் தெரிந்திருந்தது.

"சட்டம் உங்க பக்கம்தான் சார் இருக்கு" என்று ஆரம்பித்தார் ஷ்யாமளா.

"சட்டம் எங்க பக்கம் இருக்குதுங்க மேடம். ட்ராக்குதான் அவங்க பக்கம் இருக்குது" என்றார் வெள்ளியங்கிரி.

"கம்பெனிய மட்டும் குத்தம் சொல்லக்கூடாது. பார்சலுக்கெல்லாம் அவங்க டெலிவரி கேரண்டி குடுத்திருக்காங்க. லேட்டானா ஃபைன் கட்டணும்."

"நாங்க லேட்டானா?"

"உங்களுக்குத்தான் மைக்ல ஸாரி சொல்றோமே."

"அப்ப நாங்க பார்சலாப் பொறந்திருக்கோணும்ங்க."

ஷ்யாமளாவின் முகம் மலர்ந்தது. "ரெண்டு வருஷம் ஸ்டடி பண்ணி எங்க கன்சல்டன்ட் சொன்னதும் அதேதான் சார்!"

இவ்வாறாக உதயமானதுதான் மானுடச் சரக்கு விரைவு முன்னுரிமைத் திட்டம். காலையில் ஸ்டேஷனுக்கு வருகிற ஒவ்வொரு பயணியும் தன்னைச் சரக்காகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எடை போடுவார்கள், நாலு கேள்வி கேட்பார்கள், மணிக்கட்டில் பார்கோடு லேபிள் ஒட்டுவார்கள். "உங்களப் பத்தி நீங்க சொல்றத வச்சு கம்ப்யூட்டரே ப்ரையாரிட்டி போட்டுடும்" என்றார் ஷ்யாமளா.

மனுஷனுக்கு லேபிள் ஒட்டுவது அவமானம் இல்லையா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தார். "பத்து வருஷமா ப்ரையாரிட்டி டேட்ட வச்சுக்கிட்டு க்ரீன் கார்டு வரிசைல நிக்கறோம். அதுல வராத அவமானம் இதுலயா வரப்போகுது?" ஹாலில் கைத்தட்டல் எழுந்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, எல்லோரும் ஊறுகாய் வாங்கப் போனார்கள்.

எடை போடப் போகிறார்கள் என்றதும் வெள்ளியங்கிரிக்குக் கை பரபரத்தது. இந்தியாவுக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு நிறுக்கிற சின்னத் தராசு அவரிடம் ஒன்று இருந்தது. அதை ரயிலில் பக்கத்துச் சீட்டு சேனாபதி போன வருஷம் வாங்கிப் போய், இன்றுவரை திருப்பித் தரவில்லை. திட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ரயில் லூப் லைனில் நின்றிருந்த நேரத்தில், போனில் புதுசாக ஒன்று ஆர்டர் பண்ணிவிட்டார். ஒரே நாளில் டெலிவரி.

மறுநாள் காலை ஸ்டேஷனில் பெரிய எடை மேடை போட்டு, ஒரு அமெரிக்கப் பெண் டாப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். எடைக்கு வரம்பு கிடையாது என்று போர்டு தொங்கியது. தொங்கி என்ன பிரயோஜனம்? தராசைக் கண்டால் நமக்குக் கை சும்மா இருக்காதே! வரிசை முழுக்க ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், ஷூவைக் கழற்றினார்கள். சேனாபதி தன் டிபன் டப்பாவை வெள்ளியங்கிரியிடம் கொடுத்து ஏறினார். வெள்ளியங்கிரி தன் லேப்டாப்பைச் சேனாபதியிடம் கொடுத்து ஏறினார். ஒரு பவுண்டு குறைந்ததில் இருவருக்கும் பரம திருப்தி.

அடுத்து கேள்விகள். சேனாபதி காதைக் கடித்தார். "மதிப்பு என்னன்னு கேப்பா. அதிகமாச் சொல்லிடாதீங்க, அப்புறம் டேக்ஸ் போட்டுத் தாளிச்சுடுவாங்க. ஏர்போர்ட்ல சொல்ற மாதிரியே சொல்லிடுங்க."

"புதியதா, உபயோகித்ததா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"யூஸ்டு" என்றார் வெள்ளியங்கிரி.

"சீக்கிரம் கெட்டுப்போகக் கூடியதா?"

"நோ, நோ. ஹோம்மேடுதான், ஆனா கெட்டுப்போகாது." இது ஊறுகாய்க்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

"மதிப்பு?"

வெள்ளியங்கிரி அண்ணா யுனிவர்சிட்டி தங்கமெடல். ஒரு கம்பெனியே அவர் எழுதிய ப்ரோகிராமில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு குழந்தைக்கு அவர்தான் உலகம். அதெல்லாம் ஒரு கணம் தொண்டை வரை வந்தது. ஆனால் நாக்கு இருபது வருஷமாகக் கஸ்டம்ஸில் வளர்ந்த நாக்கு. "நோ கமர்ஷியல் வேல்யூ. பர்சனல் யூஸ்" என்று சொல்லிவிட்டது.

வரிசையில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேரும் அட்சரம் பிசகாமல் அதையே சொன்னார்கள். வந்திருந்த ஒரே ஒரு வெள்ளைக்காரர் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, தான் விலைமதிப்பற்றவன் என்றார். டாப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் அவரையும் பூஜ்யத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ரயில் மணி அடித்தாற்போலக் கிளம்பியது. "இன்னிக்கு அஞ்சரைக்கே கயல் முன்னாடி நிக்கப்போறேன்" என்று சேனாபதியிடம் சொல்லிக்கொண்டார் வெள்ளியங்கிரி. லூப் லைன் வந்தது. ரயில் ஒதுங்கியது. நின்றது.

ஆன்லைன் பார்சல் பெட்டிகள் அடுக்கிய ரயில் ஒன்று பறந்தது. அதன் பின்னால் பூந்தொட்டி ரயில், அதன் பின்னால் சிமெண்ட். கடைசியாக, ஒரு அவசரமும் இல்லாமல், ஜல்லி ஏற்றிய ரயில் ஒன்று அசைந்து அசைந்து போனது. வெள்ளியங்கிரி போனில் ஷ்யாமளாவைப் பிடித்தார்.

"மேடம், ஜல்லிக்கல்லுக்கு வழி விட்டு நிக்கறோம்ங்க!"

"இருங்க சார், பாக்கறேன்... ஆமா, சிஸ்டம் கரெக்டாத்தான் வேலை செய்யறது. ஜல்லிக்கு டன்னுக்கு இவ்வளவுன்னு விலை இருக்கே. உங்க ரயில்ல ஏத்தியிருக்கறது எல்லாம் பழைய சாமான், கெட்டுப்போகாதது, விலை பூஜ்யம்னு இருக்கு. அதுக்குக் கீழ லிஸ்ட்ல ஒண்ணுமே இல்ல சார்."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

"நீங்கதான். கையெழுத்து போட்டிருக்கேளே."

வெள்ளியங்கிரி குரலைத் தாழ்த்தினார். "இப்ப மாத்திக்கலாம்ங்களா?"

"தாராளமா. பாதிப் பேருக்கு மேல மாத்தினா ரயில் உடனே கிளம்பிடும். ஆனா மதிப்பைக் குறைச்சுக் காட்டினதுன்னு ஒரு என்கொயரி வரும். இதுக்கு முன்னாடி ஏர்போர்ட்ல நீங்க என்னென்ன கொண்டுவந்தேள்னும் கேப்பா. பரவால்லயா?"

மணி ஐந்தே முக்கால். கயல் ஷூ போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். வெள்ளியங்கிரி எழுந்து நின்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னார். "என் கொழந்தையோட சீட்டு போயிருமுங்க. நான் மாத்தறேன். கூட யார் யாரு வரீங்க?"

சேனாபதிக்கு மனைவி கழுத்தில் போட்டு வந்த நகையெல்லாம் ஞாபகம் வந்தது. இன்னொருவருக்குக் கருவாடு. எல்லோரும் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். வெள்ளியங்கிரியாவது மாற்றினாரா? அவருக்கும் அந்த நேரம் பார்த்து, வேட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று மனக்கண்ணில் வந்து நின்றது. இப்போது அது கொல்லையில் கூரை உயரம். மெல்ல உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் உட்கார்ந்துதான் இருந்தார்.

டேகேர் வாசலுக்கு அவர் போனபோது ஏழு தாண்டிவிட்டது. "நாளைலேர்ந்து அந்த எடத்துக்கு வேற கொழந்தை வரது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் ஹம்சா ஆன்ட்டி. நிஜமாகவே அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கயல் தன் செடியைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

வீட்டு வாசலில் ஒரு பார்சல் இருந்தது. தொங்கு தராசு. ஐந்தரைக்கே டெலிவரி ஆகிவிட்டதாகப் போன் சொன்னது. கயல் செடியைக் கீழே வைத்துவிட்டு, பார்சலின் மேல் பெரிய சிவப்பு எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "டைம் சென்ஸிடிவ். டு நாட் டிலே." அப்புறம் அப்பாவின் கையை இழுத்து, மணிக்கட்டில் இருந்த லேபிளையும் படித்தாள். "யூஸ்டு. நோ வேல்யூ."

"அப்பா, வொய் டிட்ன்ட் யூ கெட் த ரெட் ஒன்?"

வெள்ளியங்கிரி படியில் உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"கேட்டாங்க கண்ணு. நான்தான் வேண்டாம்னுட்டேன்."