போகாத டீச்சருக்குப் பிரிவு உபசாரம்

ஒரு ஆளுக்கு ஒரு வேலை நன்றாக வரும் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால், அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு முடிந்தன. எனக்கு நன்றாக வந்த வேலை, அடுத்தவரை வழியனுப்புவது.

ஆவடியில் ராணுவ வண்டிகளுக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் நான் சார்ஜ்மேன், ஒரு பிரிவுக்கு மேற்பார்வை. அங்கே ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் யாராவது ஓய்வு பெறுவார்கள். மாலை, சால்வை, கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல். பிறகு மேளத்தோடு வேனில் ஏற்றிக் கொண்டுபோய், வீட்டு வாசலில் ஆயிரம் வாலா வெடித்து, மனைவியிடம் ஒப்படைப்பது. (இனிமேல் இவர் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பார் என்று அந்த அம்மாக்களுக்கு உறைக்கிற நேரம் அது. வெடிச் சத்தத்தில் முகம் மாறுவது யாருக்கும் தெரியாது.) எங்கள் பிரிவில் இதெல்லாம் என் தலையில்தான். மடலைக்கூட நான் ஒரே ஒரு தடவைதான் எழுதினேன். அம்பத்தூரில் ஓர் அச்சகக்காரர் அதை அப்படியே அச்சுக் கோத்துக் கட்டி வைத்திருந்தார். போனில் பேரைச் சொன்னால் போதும், பேரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார்.

இந்தத் திறமையோடு நான் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்திருக்கலாம். என் மகள் கவிதாவை இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது பாரிவாக்கம் பக்கம் வயலுக்கு நடுவே இருந்தது. முந்தின வருஷம் வரை அது வெறும் நர்சரி பிரைமரி. ஒரு கோடை விடுமுறையில் போர்டில் உலக உருண்டை ஒன்றும், அதைச் சுற்றி ஒன்பது தேசக் கொடிகளும் வந்தன. பள்ளி இன்டர்நேஷனல் ஆகிவிட்டது. (ஒன்பதில் இரண்டு கொடிகள் எந்த தேசத்துக்கும் சொந்தமில்லை. பெயின்டரிடம் மிச்சமிருந்த வர்ணத்துக்குச் சொந்தமானவை.) பள்ளியின் கரஸ்பாண்டென்ட் அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். கத்திரிக்காய் போட்டிருந்த நிலத்தில் பள்ளிக்கூடம் போட்டவர். எல்லாரும் அவரைக் கரஸ் என்றே சொல்வோம்.

இன்டர்நேஷனல் என்று ஆனதும் பெற்றோர் சங்கம் வந்தது. சங்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்து, தண்ணீர்ப் பானைக்கு மூடி வாங்குவதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவது. வருஷக் கடைசி வந்தால் இன்னும் மோசம். ஆண்டு விழாவுக்குப் பந்தல், பிள்ளைகளுக்குப் பரிசு டிபன் பாக்ஸ், மாறுவேஷத்துக்குத் தாடி. வாரத்தில் ஆறு நாள் இரும்போடு மல்லாடிவிட்டு ஏழாம் நாள் பஞ்சில் தாடி செய்த மனுஷன் நான். ஏப்ரல் வந்தபோது எனக்கு இருந்த ஒரே ஆசை, தரையில் பாய் போட்டு மல்லாந்து படுப்பது.

அந்த நேரத்தில்தான் என் மனைவி சுமதி ஒரு சேதி கொண்டுவந்தாள்.

கவிதாவின் வகுப்பு ஆசிரியை ரெஜினா மிஸ். வீட்டில் ஊரையே விற்கிற பேச்சுப் பேசுவாள் என் மகள், பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கமாட்டாள். இரண்டு வருஷம் அவள் ஊமை என்றே அங்கே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் ரெஜினா மிஸ் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என்ன மாயம் செய்தாரோ, டிசம்பருக்குள் திருக்குறள் ஒப்பிக்க வைத்துவிட்டார். அந்தப் பள்ளியில் வகுப்போடு ஆசிரியையும் ஒரு படி மேலே போவது வழக்கம். நாலாவதிலும் அவர்தான் என்ற தைரியத்தில் இருந்தோம். மிஸ்ஸின் கணவருக்கு விமானப்படையில் வேலை. அவரை வடக்கே எங்கோ மாற்றப்போகிறார்களாம். ஒருவேளை அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மிஸ் பள்ளி வாசலில் சுமதியிடம் சொல்லியிருக்கிறார்.

சுமதி என்னிடம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொன்னாள். நான் பலராமனிடம் அதே நிபந்தனையில் சொன்னேன். பலராமன் பூந்தமல்லியில் ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருந்தவன், சங்கத்தில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். நிபந்தனை ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கியது. கூட்டத்துக்குப் போனால் தண்ணீர்ப் பானையைப் பற்றி யாரும் பேசவில்லை.

மிஸ்ஸுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பலராமன் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டான்.

"அண்ணாத்தே, எதுக்கும் மிஸ்ஸாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமே."

கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று நான் சொன்னேன். முப்பது பேரை வழியனுப்பிய அனுபவம். கரஸிடமும் மூச்சு விடக்கூடாது, அவர் மிஸ்ஸிடம் உளறிவிடுவார். சர்ப்ரைஸ் என்றால் சர்ப்ரைஸ்தான். இதைச் சொல்லும்போது மேஜையைத் தட்டினேன் என்று பலராமன் இன்றுவரை சாதிக்கிறான்.

ஆண்டு விழா ஏப்ரல் மாதத்து ஒரு சாயங்காலம், வெயில் இறங்குவதற்குள் ஆரம்பித்தது. தலைமை விருந்தினர் பேசிவிட்டுப் போனதும், நன்றியுரை சொல்ல இருந்தவரைத் தாண்டிப் போய் மைக்கைப் பிடித்தேன். ரெஜினா மிஸ்ஸை மேடைக்கு அழைத்தேன். வந்தவர் விஷயம் புரிந்ததும் இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். ஓய்வு பெறுகிற எல்லாரும் முதலில் அப்படித்தான் ஆட்டுவார்கள். அதற்குப் பேர் கூச்சம் என்பது என் அனுபவம். கூச்சத்துக்கு மேலேயே மாலையைப் போட்டு, சால்வையைப் போர்த்தினேன். ஏதோ சொல்ல வந்தார். "பேச முடியல, தொண்டை அடைக்குது" என்று அவருக்காக நானே மைக்கில் சொன்னேன்.

பிறகு மடலைப் பிரித்தேன். சாயங்காலம்தான் அம்பத்தூரிலிருந்து சட்டம் போட்டு வந்திருந்தது. பேரை மட்டும் மாற்றுங்கள் என்று நான் வழக்கம்போல் போனில் சொன்னதை, அச்சகக்காரரும் வழக்கம்போல் அப்படியே செய்திருந்தார்.

"முப்பத்துமூன்று ஆண்டுகள் இரவு ஷிப்ட்டிலும் கண் துஞ்சாது உழைத்தவரே" என்று படித்தேன். மிஸ்ஸுக்கு வயசே முப்பது இருக்காது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நிறுத்தியிருக்கலாம். மைக் கையில் இருக்கும்போது நிறுத்தத் தெரிந்தவன் நான் இல்லை. அடுத்த வரியில் இயந்திரம் என்று இருந்தது. சமயோசிதமாக அதைக் குழந்தை என்று மாற்றினேன். "பழுதான எத்தனையோ குழந்தைகளைக் கழற்றி மாட்டி, எண்ணெயிட்டு, மீண்டும் ஓட வைத்த கரங்களுக்குச் சொந்தக்காரரே." முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. (என்னைப் புரிந்துகொண்ட முதல் ஆள்.) பேரன் பேத்திகளோடு ஓய்வுக் காலத்தை அமைதியாகக் கழிக்க வாழ்த்தி முடித்தபோது, மூன்றாம் வகுப்பு மொத்தமும், மிஸ் போகிறார் என்பது மட்டும் புரிந்து, ஓவென்று அழுதுகொண்டிருந்தது. மிஸ்ஸும் அழுதார். நெகிழ்ச்சி என்று நினைத்தேன்.

கரஸ் எழுந்து வந்தார். எனக்கே சொல்லாமல் போறீங்களே மிஸ் என்று குறைப்பட்டார். உடனே பெரிய மனசு பண்ணி, கவலை வேண்டாம், பி.எட். முடித்துவிட்டு இதோ உட்கார்ந்திருக்கிற தன் மச்சான் மகள் ஜூன் மாதத்திலிருந்து அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வாள் என்று மைக்கிலேயே அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். முதலில் தட்டியது நான்.

வெளியே மேளம் தயாராக இருந்தது. மிஸ்ஸை வேனில் ஏற்றி நானும் முன்சீட்டில் ஏறினேன். பள்ளி வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், நான் எங்கயும் போகல. மாத்தல் நேத்தே கேன்சல் ஆயிடுச்சு."

நான் சொன்ன பதில், "அப்படியா மிஸ், ரொம்ப சந்தோஷம்." மூளை அந்த அளவுக்குத்தான் வேலை செய்தது. அடுத்ததை அவர் அழாமல் சொன்னார்.

"ஏப்ரல்ல எல்லா ஸ்கூல்லயும் ஆள் போட்டாச்சு. இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற எடமே கிடையாது சார்."

வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். முன்னால் மேளக்காரர்கள் ஆடிக்கொண்டே போனார்கள். வீடு வரைக்கும் என்று பேசிவிட்டால் வீடு வரைக்கும்தான், அவர்களுக்கு அது தொழில் தர்மம். விமானப்படைக் குடியிருப்பு வாசல் வந்தது. நான் தடுப்பதற்குள் கூட வந்தவர்கள் ஆயிரம் வாலாவைப் பற்ற வைத்துவிட்டார்கள். துப்பாக்கி வைத்திருக்கிறவர்களின் கேட்டில் பட்டாசு வெடித்தால் என்ன நடக்கும் என்று ஆவடியில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காவலுக்கு நின்றவர் இந்தியில் என்ன சொன்னார் என்று தெரியாது. மேளம் நின்ற வேகத்திலிருந்து ஊகித்தேன். நான் வேனின் சீட்டுக்கு அடியில் இருந்தேன். குனிந்து செருப்பைத் தேடினேன் என்று பிற்பாடு சொன்னதை யாரும் நம்பவில்லை.

மிஸ்ஸின் கணவர் சைக்கிளில் வந்தார். மாலையும் சால்வையுமாக மனைவியைப் பார்த்து, வேலையை விட்டுட்டியா என்று கேட்டார்.

"நான் விடல. இவரு விட வெச்சுட்டாரு" என்றார் மிஸ், சீட்டுக்கு அடியில் இருந்த என்னைக் காட்டி.

மறுநாள் காலை கரஸைப் பார்க்கப் போனேன். பம்புசெட் தொட்டியருகே பல் விளக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். நிதானமாக வாய் கொப்பளித்துவிட்டுப் பேசினார்.

"இன்னா சார் இது. நீயே மாலை போட்ட, நீயே மோளம் அட்ச்ச, நீயே வண்டில ஏத்தி அனுப்ச்ச. இப்ப நீயே வந்து திருப்பி உள்ள உடுன்ற. பேசாம ஸ்கூலயும் நீயே நடத்திக்க."

தப்பு மிஸ்ஸுடையது இல்லை, என்னுடையது என்றேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மச்சானிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"வாயால சொல்லியிருந்தா மாத்திக்கலாம். மைக்ல சொல்லிட்டேனே."

அரை மணி நேரம் தொட்டியருகே நின்றேன். கடைசியில் அவரே வழி சொன்னார். இரண்டு டீச்சருக்கும் வேலை வேண்டும் என்றால் இன்னொரு வகுப்பு வேண்டும். வகுப்புக்குப் பிள்ளைகள் வேண்டும். ஜூன் முதல் தேதிக்குள் புதிதாக இருபது பிள்ளைகளை நான் சேர்த்துவிட்டால், ஒன்றாம் வகுப்பு சி பிரிவு திறந்து மச்சான் மகளை அங்கே போட்டுவிடுவார். ரெஜினா மிஸ் அவர் இடத்திலேயே இருக்கலாம். இல்லையென்றால் மாலை போட்டது போட்டதுதான்.

அந்த மே மாதத்தை நான் சைக்கிளில் கழித்தேன். முதல் ஷிப்ட் முடிந்து சாப்பிட்டும் சாப்பிடாமலும் விண்ணப்பப் படிவங்களோடு கிளம்பினால் ஆவடி, பருத்திப்பட்டு, பாரிவாக்கம் என்று தெருத் தெருவாக அலைச்சல். கேரியரில் பலராமன். (மேடு வந்தால் இறங்க மாட்டான். ஆலோசனை சொல்வான்.) இன்டர்நேஷனல் என்றால் என்ன என்று ஓர் அம்மா கேட்டார். ஒன்பது கொடி இருக்கிறது என்றேன். இன்னொருவர், அங்கே படித்தால் பாஸ்போர்ட் சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று பலராமன் சொல்லிவிட்டான். மாங்காட்டுக் கோயில் வாசலில் ஐந்து வயதுக் குழந்தைகளாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, போலீஸைக் கூப்பிடவா என்றாள். ஷிப்ட்டில் நின்றபடியே தூங்கினேன். முதுகில் வேர்க்குரு பூத்து, படுத்தால் தூக்கம் வரவில்லை. எங்கே யார் வீட்டுக் குழந்தை அழுதாலும், இது ஒன்றாம் வகுப்புக்கு ஆகுமா என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

மே முப்பத்தொன்றாம் தேதி பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். இன்னும் ஒன்று. பத்தொன்பது போதாதா என்று கரஸைக் கேட்டுப் பார்த்தேன். இருபது என்றால் இருபது என்றார்.

வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எதிரே என் மகன் குமரன் பனியனோடு பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். ஐந்து வயது. நடந்து போகிற தூரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பள்ளியில் அவனுக்கு ஏற்கெனவே இடம் வாங்கியாகிவிட்டது. ஒரு சங்கமும் கிடையாது என்று விசாரித்து வாங்கிய இடம். கவிதா என் பக்கத்தில் வந்து நின்றாள். எங்க மிஸ் வந்துடுவாங்களாப்பா என்று தினமும் கேட்டவள், அன்று கேட்கவில்லை. பழைய மாதிரி வாயே திறக்காமல் நின்றாள். நான் சுமதியைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் அவள். "அவனைப் பாருங்க."

கடைசிப் படிவத்தில் மகன் பேரை நானே எழுதினேன்.

ஜூன் மாதம் ரெஜினா மிஸ் நாலாம் வகுப்பில் நின்றார். கவிதா பேசினாள். அதன்பிறகு நிறுத்தவே இல்லை, இப்போது வக்கீல். மச்சான் மகள் ஒன்றாவது சி பிரிவில் குமரனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். நல்ல டீச்சர்தான், அவர்மேல் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நான் மேலும் பன்னிரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தேன்.

இன்டர்நேஷனல் ஸ்கூலில் படித்தவனாமே என்று யாராவது குமரனிடம் மரியாதையாகக் கேட்டால், "எங்கப்பா ஒரு டீச்சருக்குச் சால்வை போத்தினாரு, அதனால படிச்சேன்" என்பான். கேட்டவர்கள் விழிப்பார்கள். உடனே முழுக்கதையும் நடக்கும், சீட்டுக்கு அடியில் தேடிய செருப்பு உட்பட. போன வருஷம் அவன் கல்யாணத்தில், பந்தியில் பெண் வீட்டாருக்கும் சொல்லி முடித்துவிட்டான்.

கல்யாணமாகி வந்த முதல் ஆடி. ஒரு நாள் காலையில் மருமகள் பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். சுமதிக்கு ஒரு வாரமாகத் தெரியும். கவிதாவுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். என்னிடம் மட்டும் ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆவணி பொறந்ததும் திரும்பி வந்துடணும் மாமா, அதான்" என்றாள்.