பீரோவும் ஆபரேட்டிங் சிஸ்டமும்

சென்னைக்கு மேற்கே ரகசியம் காக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பெயர் பீரோ. சொந்தப் பெயரையும் ரகசியமாகத்தான் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த எங்கள் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சோர்ஸ் கோடு, அதாவது அதை எழுதிய ஆணைகள் முழுவதையும் தாளில் அச்சடித்து, விற்ற கம்பெனி ஒரே ஒரு பிரதி கொடுத்தது. அறையை விட்டு வெளியே போகக்கூடாது, நகல் எடுக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று நிபந்தனைகள். தலையணை கனத்தில் இருந்த அந்தத் தாள்கட்டை இரும்பு பீரோவில் பூட்டி, ஸ்டோர்ஸில் வேலை பார்த்த கரையான்சாவடிக்காரரைக் காவலுக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் பீரோ.

சாவி அரைஞாண் கயிற்றில் தொங்கும். கட்டைப் பார்க்கப் போனால் முதலில் நம் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். பக்கத்தை அவரேதான் புரட்டுவார். படிக்கும்போது உதடு அசையக்கூடாது. படித்து முடித்ததும் உடனே விடமாட்டார். டீ வாங்கிக் கொடுத்து, மச்சினன் போட்ட சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்வார்.

“இப்ப இன்னா ஞாபகம் கீது?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

“அப்ப கெளம்பு.”

யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையை அவர் காப்பாற்றிய விதம் அது. ஆயுத பூஜையன்று கட்டுக்குச் சந்தனம் வைத்தபோதுகூடக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் புதிதாகச் சேர்ந்த புரோகிராமர், வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு வாரம் சரக்குப் பட்டியல் அச்சாகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் பாதியில் நின்றது. திங்கட்கிழமைக்குள் ஓடாவிட்டால் நான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். என் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

காரணம் அந்தக் கட்டைப் பார்த்தால்தான் தெரியும். பீரோவிடம் ஓடினேன். படித்தேன், டீ குடித்தேன். திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் மச்சினன் சண்டைதான் ஞாபகத்தில் இருந்தது. மறுபடி போனேன். மறுபடியும் டீ.

“கட்ட மெஷின் பக்கத்துல வச்சுப் பாக்கணும்ணே. இல்லன்னா என் வேலை போயிடும்.”

“அது ரூம உட்டு வெளிய போவாது, நைனா. கையெழுத்து போட்டுக் குடுத்துகீறேன்.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் அறைக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவே இருந்த பிளைவுட் தடுப்பைக் காணோம். தலையெல்லாம் மரத்தூளாக, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக பீரோ நின்றுகொண்டிருந்தார்.

“என்னண்ணே இது?”

“கட்டு ரூம உட்டுப் போவல. ரூமுதான் கொஞ்சம் பெர்சாயிச்சு. சீக்கிரம் பாரு.”

கம்ப்யூட்டர் பக்கத்தில் கட்டை அவரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். பேனாவை மட்டும் தரவில்லை. சாயங்காலம் பட்டியல் முழுவதும் நிற்காமல் அச்சானது. என் வேலை தப்பியது. தடுப்பைக் கழற்றியதற்காக அவருக்கு மெமோ வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

“அத்தெல்லாம் வெளிய சொல்லக்கூடாது,” என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். “பாத்ததெல்லாம் மறந்துடு, இன்னா?”

மறந்துவிட்டேன். அந்தச் சோர்ஸ் கோடில் ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை. உங்களை மட்டும் மறக்க முடியவில்லை, அண்ணே. அந்த ஒரு விஷயத்தில்தான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை.