பனியன் அண்ணன் கொடுத்த பந்து

இந்தியாவில் பனியன் அண்ணன் ஆடாத கூடைப்பந்து அணி ஏதாவது இருந்தால், அந்த அணி இன்னும் பந்து வாங்கவில்லை என்று அர்த்தம்.

ஆறடி நான்கு அங்குலம். காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் விவசாயக் குடும்பம். "இவன் நாத்து நடக் குனிஞ்சா நிமிர சாயங்காலம் ஆயிடும்" என்று அப்பாவே வயலிலிருந்து விரட்டிவிட்டாராம். அன்றிலிருந்து சீசனுக்கு ஓர் அணி. சேலத்தில் மில், கோட்டயத்தில் கிளப், இந்தூரில் ஏதோ டிபார்ட்மென்ட். எந்த ஊரில் எவனுக்குக் கணுக்கால் பிசகினாலும் இவருக்கு போன் வரும். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவார்.

காரைக்கால் தருமபுரத்தில் அவர் வீடு எங்களுக்குப் பக்கத்து வீடு. கொடியில் பதினோரு அணிகளின் பனியன்கள் காயும். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த அம்மாள் அதைப் பார்த்து மிரண்டு, "இங்க ஆம்பளைங்க மொத்தம் எத்தனை பேருங்க?" என்றார்.

"ஒருத்தர்தாங்க. அவரும் வீட்ல இல்லீங்க" என்றார் அண்ணி.

நாகப்பட்டினத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி அணிக்கும் ஒரு சீசன் வந்தார். அணியில் நானும் இருந்தேன். ஆட ஐந்து பேர் வேண்டும். கம்பெனியில் ஷூ வைத்திருந்ததே ஐந்து பேர்தான். எனக்கு யாரும் பந்து தரமாட்டார்கள், தந்தால் என்ன ஆகும் என்று தெரியும். அண்ணன் மட்டும், "அண்ணே, இங்க!" என்று நான் கத்தினால் திரும்பிக்கூடப் பார்க்காமல் எறிவார். பத்துக்கு ஒன்பது என் மூக்கில் வந்து நிற்கும்.

"எனக்குப் போய் ஏண்ணே குடுக்குறீங்க?"

"கூப்புடுறல்ல? ஊர் ஊரா ஆடுறவன் எத்தனை மூஞ்சியடா ஞாபகம் வச்சுக்கறது? சத்தம் வந்த பக்கம் குடுத்துட வேண்டியதுதான்."

அவருக்கு ஒரே ஒரு குறை. சொந்த ஊர் அணி அவரைக் கூப்பிட்டதே இல்லை. "காரைக்கால்னு போட்ட பனியன்ல ஒரே ஒரு கப்புடா. அப்புறம் மத்த பதினொண்ணையும் தரை துடைக்கப் போட்டுருவேன்."

முப்பத்தொன்பது வயதில், முழங்காலில் பெல்ட் கட்டியிருந்த காலத்தில், ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். உள்ளூர் மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரணி? நாங்கள்தான். நாகப்பட்டினம் வேறு மாநிலம், ஆனால் பஸ்ஸில் முக்கால் மணிதான். அண்ணி முதன்முறையாக ஆட்டம் பார்க்க வந்து, டீ பிளாஸ்க்கோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பத்து நொடி. காரைக்கால் ஒரு பாயின்ட் முன்னிலை. பந்து அண்ணன் கையில். சும்மா பிடித்துக்கொண்டு நின்றாலே கப் அவருக்கு. எங்கள் ஆட்கள் மூன்று பேர் அவரை மொய்த்தார்கள். நான் கூடைக்கு அடியில் தனியாக நின்றேன். என்னைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, இங்க!"

வந்துவிட்டது. மூக்குக்கு இல்லை, நேராகக் கைக்கு. பயத்தில் மேலே எறிந்தேன். கூடைக்குள் விழுந்தது. விசில்.

"யோவ் பனியன், நீ எந்த ஊருய்யா?" என்று கூட்டத்தில் ஒருவர் அலறினார். அண்ணி பிளாஸ்க்கை மூடினார்.

அண்ணன் என்னிடம் வந்தார். அடிப்பார் என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னிக்குத்தான்டா ஒழுங்காப் புடிச்சிருக்க" என்று சொல்லி, முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே போனார்.

கப் எங்கள் மேனேஜர் அறையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கொடியில் இப்போது பன்னிரண்டு பனியன்கள் காய்கின்றன. ஒன்றுகூடத் தரை துடைக்கப் போகவில்லை. ஏன்டா கூப்பிட்டாய் என்று காரைக்காலில் இன்றும் கேட்கிறார்கள். கூப்பிட்டால் எனக்குப் பந்து தர உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவரைத்தான் கூப்பிட்டேன்.